“பயப்படாதீர்கள்” என்று சொன்னால் போதுமா?

1999-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி. வெள்ளிக்கிழமை இரவு.

அமெரிக்காவின் தலைநகரமான வாஷிங்டனில் ஒரு தகவல் நிலையம். சுமார் 5 கோடி டாலர் செலவில் அமைத்தது. அங்கே அதிகாரிகள் கண் விழித்துக் காத்திருந்தார்கள்.

எதற்காக? எதிரி விமானம் வரும் என்றா? புயல் அடிக்கும் என்றா?

இல்லை. புத்தாண்டு பிறப்பதற்காகக் காத்திருந்தார்கள்!

மணி 12 அடித்ததும் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடுமோ? விளக்கு அணைந்துவிடுமோ? குழாயில் தண்ணீர் நின்றுவிடுமோ? பாங்கியில் போட்ட பணம் கணக்கில் இல்லாமல் போய்விடுமோ? இதுதான் அவர்களுடைய கவலை.

மணி 12 அடித்தது. விளக்கு எரிந்தது. தண்ணீர் வந்தது. டெலிபோன் பேசியது.

மறுநாள் பொழுது விடிந்தது. “அப்பாடா, பிழைத்தோம்!” என்றார்கள் சிலர். “இத்தனை நாளும் நம்மை ஏமாற்றி இருக்கிறார்கள்!” என்றார்கள் வேறு சிலர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

புத்தாண்டுக்கு முன்னால், “பெரிய ஆபத்தை அதிகாரிகள் மறைக்கிறார்கள்” என்று பேச்சு. புத்தாண்டுக்குப் பின்னால், “இல்லாத ஆபத்தை இருப்பதாகச் சொன்னார்கள்” என்று பேச்சு. முன்பும் நம்பவில்லை. பின்பும் நம்பவில்லை!

குற்றம் யார் மேல்? சந்தேகப்பட்ட ஜனங்கள் மேலா? சந்தேகப்படும்படி நடந்துகொண்ட அதிகாரிகள் மேலா?

“முடிந்துபோன கதையை இப்போது ஏன் கிளற வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இதே போன்ற இன்னொரு தேதிச் சிக்கல் 2038-ம் ஆண்டில் வருகிறது. அப்போதும் அதிகாரிகள் “பயப்படாதீர்கள்” என்பார்கள். அந்த வார்த்தையை நாம் நம்பலாமா? எப்போது நம்பலாம்? அதைத் தெரிந்துகொள்ள அந்தப் பழைய கதை உதவும்.

சிக்கல் என்ன?

நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர், “நான் பார்த்திப வருஷம் பிறந்தேன்” என்பார்கள். தமிழ் வருஷங்கள் 60. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். 1945-லும் பார்த்திப வருஷம் வந்தது. 2005-லும் பார்த்திப வருஷம் வந்தது.

அப்படியானால் அவர் எந்தப் பார்த்திப வருஷத்தில் பிறந்தவர்? ஆளைப் பார்த்தால் நமக்குத் தெரிந்துவிடும். தலை நரைத்திருந்தால் 1945. பள்ளிக்கூடப் பையை இப்போதுதான் இறக்கி வைத்த பிள்ளை என்றால் 2005.

ஆனால், கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை. நரைத்த தலையை அது பார்க்காது. எழுதியதை மட்டும்தான் பார்க்கும்.

ஆதி நாளில் கம்ப்யூட்டரில் விவரங்களைத் துளை போட்ட அட்டைகளில் பதிந்தார்கள். ஒரு அட்டையில் 80 எழுத்துக்குத்தான் இடம். கம்ப்யூட்டரின் ஞாபக சக்திக்கும் விலை மிக அதிகம். ஆகவே சிக்கனம் பிடித்தார்கள். 1965 என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் 65 என்று எழுதினார்கள். 19 என்பதை விட்டுவிட்டார்கள்.

நாமும்தானே நோட்டுப் புத்தகத்தில் அப்படி எழுதுகிறோம்?

சிக்கல் 2000-ம் ஆண்டில்தான். அதைக் கம்ப்யூட்டர் 00 என்று எழுதும். 00 என்றால் 1900-மா, 2000-மா? அதற்குத் தெரியாது.

1940-ல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ல் 99-ல் இருந்து 40-ஐக் கழித்தால் வயது 59. சரி. அடுத்த ஆண்டு 00-ல் இருந்து 40-ஐக் கழித்தால்? “இவர் பிறக்க இன்னும் 40 வருஷம் இருக்கிறது” என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும்! பிறக்காத ஆளுக்குப் பென்ஷன் கொடுக்குமா?

பென்ஷன் மட்டும் அல்ல. வட்டிக் கணக்கு, இன்ஷூரன்ஸ், மின்சாரம், விமானம், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் தேதி இருக்கிறது. ஆகவே ஆபத்து உண்மையானதுதான். கட்டிவிட்ட கதை அல்ல.

மணி அடித்தவர்கள்

இந்த ஆபத்து திடீரென்று வந்ததா? இல்லை.

பாப் பெமர் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் நிபுணர் 1971-ம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதி எச்சரித்தார். அப்போது இன்னும் 29 வருஷம் இருந்தது. யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1993-ல் கனடாவைச் சேர்ந்த பீட்டர் டி ஜேகர் என்பவர் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் உரத்த குரலில் எழுதினார். 1996-ல் மொய்னிஹான் என்ற செனட் சபை உறுப்பினர் ஜனாதிபதி கிளிண்டனுக்கே கடிதம் எழுதினார்.

ஜனாதிபதி இதற்கென்று ஒரு குழுவை அமைத்தது எப்போது தெரியுமா? 1998 பிப்ரவரியில்! இரண்டு வருஷம்கூட மீதி இல்லை. ஜான் கொஸ்கினென் என்பவரை அந்தக் குழுவின் தலைவர் ஆக்கினார். அவர் கம்ப்யூட்டர் நிபுணர் அல்ல. வழக்கறிஞர். நிர்வாகத்தில் கைதேர்ந்தவர்.

எல்லாத் துறையும் தூங்கியது என்று சொல்லக்கூடாது. முதியோர் பென்ஷன் கொடுக்கும் ‘சோஷியல் செக்யூரிட்டி’ இலாகா 1989-லேயே வேலையைத் தொடங்கிவிட்டது. 4 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் கொடுக்கும் இலாகா அது. 1998 டிசம்பர் கடைசியில், “இந்த இலாகா தயார்” என்று ஜனாதிபதி அறிவித்தார்.

ஒரு இலாகா 1989-ல் தொடங்கியது. மற்ற பல இலாகாக்கள் கடைசி நேரத்தில் ஓடின. இதைப் பார்த்த ஜனங்களுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

இரண்டு நாக்கு

அதிகாரிகளுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

“ஆபத்து பெரிது” என்றால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே நாளில் பாங்கிக்கு ஓடுவார்கள். கடைகளில் சாமான் காலியாகிவிடும். கம்ப்யூட்டர் செய்யாத கெடுதலைப் பயம் செய்துவிடும்!

“ஆபத்து சிறிது” என்றால்? கம்பெனி முதலாளிகள் காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். பழுது பார்க்க ஆள் வராது.

ஆகவே அதிகாரிகள் என்ன செய்தார்கள்? முதலாளிகளைப் பார்த்து, “ஓடுங்கள், ஓடுங்கள், நேரம் இல்லை!” என்றார்கள். ஜனங்களைப் பார்த்து, “அமைதியாக இருங்கள், ஒன்றும் ஆகாது” என்றார்கள்.

ஆனால், இரண்டு பேச்சும் ஒரே பத்திரிகையில்தானே அச்சாகும்? இரண்டையும் படிப்பவர் ஒரே குடும்பத் தலைவர்தானே?

அமெரிக்காவின் மத்திய பாங்கி, கூடுதலாக 5,000 கோடி டாலர் நோட்டுகளைக் கையிருப்பில் வைக்க ஏற்பாடு செய்தது. ஜனங்கள் அதிகமாகப் பணம் எடுத்தால் தட்டுப்பாடு வரக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் படிப்பவர் மனதில் என்ன தோன்றும்? “பயமே வேண்டாம் என்கிறார்கள். பிறகு 5,000 கோடி எதற்கு?” என்றுதானே தோன்றும்?

வீட்டில் சாமான் வாங்கி வைக்கலாமா? “பனிப்புயல் வந்தால் மூன்று நாளைக்கு எப்படித் தயாராக இருப்பீர்களோ, அப்படி இருங்கள்” என்றது சர்க்கார். செஞ்சிலுவைச் சங்கமோ ஒரு வாரம் வரைக்கும் தேவையானதை வைத்துக்கொள்ளச் சொன்னது. மூன்று நாளா? ஏழு நாளா? வீட்டு அம்மாவுக்கு ஒரு பதில் வேண்டாமா?

கடற்படைக் காகிதம்

1999 ஆகஸ்டு மாதத்தில் சந்தேகத் தீயில் எண்ணெய் ஊற்றியது போல ஒரு சம்பவம் நடந்தது.

அமெரிக்கக் கடற்படை, தன் தளங்கள் உள்ள ஊர்களைப் பற்றி ஒரு அறிக்கை தயாரித்து வைத்திருந்தது. எந்த ஊரில் மின்சாரம் தடைப்படலாம், எந்த ஊரில் தண்ணீர் தடைப்படலாம் என்று அதில் எழுதி இருந்தது. பல பெரிய நகரங்களுக்கு நேராக, “தடை ஏற்பட வாய்ப்பு உண்டு” என்று இருந்தது.

ஒரு முன்னாள் கடற்படை அதிகாரி இதைக் கண்டுபிடித்து வெளியிட்டுவிட்டார்.

ஊரெல்லாம் ஒரே பேச்சு! “நமக்கு ஒரு பேச்சு, உள்ளுக்குள் ஒரு எழுத்தா?”

கொஸ்கினென் விளக்கம் சொன்னார். “எந்த ஊரைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லையோ, அந்த ஊரில் தடை வரும் என்று கடற்படை வைத்துக்கொண்டது. தளத்தைக் காப்பாற்ற வேண்டியவர்கள் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். மேலும் அது பழைய காகிதம்” என்பது அவருடைய விளக்கத்தின் சாரம்.

விளக்கம் நியாயமானதுதான். பிற்பாடு நடந்ததைப் பார்த்தாலும் அவர் சொன்னதே சரி.

ஆனாலும் ஜனங்கள் நம்பத் தயங்கினார்கள். ஏன்? விளக்கம் முதலில் வரவில்லை. காகிதம் முதலில் வந்தது! அந்தக் காகிதத்தை அதிகாரிகளே வெளியிட்டு, “இதன் பொருள் இதுதான்” என்று சொல்லி இருந்தால், அது வெறும் ஒரு நாள் செய்தி. பிறர் கண்டுபிடித்ததால் அது ‘ரகசியம்’ ஆகிவிட்டது.

மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் இல்லை என்பார்கள். மடியில் கனம் இல்லாவிட்டாலும் மடியை மூடி மூடிப் பிடித்துக்கொண்டு நடந்தால், பார்ப்பவன் என்ன நினைப்பான்?

மார்க் போட்ட மனிதர்

சந்தேகத்தை நல்ல வழியில் பயன்படுத்திய ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஸ்டீபன் ஹார்ன். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். முன்பு கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர்.

கல்விக்கூடத்தில் இருந்தவர் அல்லவா? அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. சர்க்கார் இலாகாக்களுக்கு மார்க் போட்டார்!

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ‘பிராக்ரஸ் ரிப்போர்ட்’ கொடுக்கிறார்கள். அதே போல ஒவ்வொரு இலாகாவுக்கும் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை மதிப்பெண். ‘ஏ’ என்றால் முதல் தரம். ‘எஃப்’ என்றால் பெயில். சில மாதங்களுக்கு ஒரு முறை அந்தப் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட்டார்.

பென்ஷன் இலாகா ‘ஏ’ வாங்கியது. ராணுவ இலாகா ‘டி’ வாங்கியது. போக்குவரத்து இலாகா ஒரு கட்டத்தில் ‘எஃப்’ வாங்கியது!

பெரிய பெரிய அதிகாரிகள் சின்னப் பிள்ளைகளைப் போல் முகம் சிவந்தார்கள். “எங்களுக்கு இவ்வளவு குறைந்த மார்க்கா?” என்று வாதாடினார்கள். ஆனால், அடுத்த ரிப்போர்ட்டில் மார்க் ஏற வேண்டுமே என்று வேலையும் செய்தார்கள்.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். “எல்லாம் சரியாகிவிடும்” என்று ஹார்ன் சொல்லவில்லை. “எல்லாம் நாசமாகிவிடும்” என்றும் சொல்லவில்லை. “யார் முடித்தார்கள், யார் முடிக்கவில்லை?” என்று மட்டும் கேட்டார். ஊரார் அறிய விடையைப் போட்டார்.

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு இருப்பவருக்குக்கூட அந்த ரிப்போர்ட் விளங்கும். ஆயிரம் பக்க அறிக்கை செய்யாததை ஒரு எழுத்து செய்தது.

விமானத்தில் ஏறிய தலைவி

‘எஃப்’ வாங்கிய போக்குவரத்து இலாகாவின் கீழ்தான் விமானப் போக்குவரத்து நிர்வாகம் இருந்தது. அதன் தலைவி ஜேன் கார்வி என்ற பெண்மணி.

1999 ஏப்ரலில் டென்வர் நகர விமான நிலையத்தில் ஒரு சோதனை நடந்தது. கம்ப்யூட்டரின் தேதியைப் புத்தாண்டுக்குத் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் குழம்பவில்லை.

அதோடு அந்த அம்மையார் நிற்கவில்லை. “அந்த இரவில் நானே விமானத்தில் இருப்பேன்” என்றார். சொன்னபடி டிசம்பர் 31-ந் தேதி வாஷிங்டனில் இருந்து டல்லாஸ் நகரத்துக்கு விமானத்தில் போனார்.

சீனாவிலும் இப்படி ஒரு உத்தரவு பிறந்தது. விமானக் கம்பெனித் தலைவர்கள் புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் விமானத்தில் பறக்க வேண்டும் என்றார்கள்! வேலையை ஒழுங்காகச் செய்ய இதைவிட நல்ல தூண்டுகோல் உண்டா?

“நீங்கள் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும்” என்பவன் ஒரு வகைச் சமையல்காரன். “இதோ, நானே முதலில் சாப்பிடுகிறேன்” என்பவன் இன்னொரு வகை. யாருடைய சாப்பாட்டை நம்பிச் சாப்பிடுவோம்?

சோதனையும் சாக்கடையும்

சோதனை என்றால் எல்லாம் வெற்றி ஆகுமா? ஆகாது.

1999 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கழிவுநீர் நிலையம் ஒன்றில் ஒத்திகை நடந்தது. மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். ஒரு அடைப்புக் கதவு மூடிக்கொண்டது. பல லட்சம் காலன் சாக்கடைத் தண்ணீர் பொங்கி, பக்கத்தில் இருந்த பூங்காவில் பாய்ந்தது!

“பார்த்தாயா இவர்கள் லட்சணத்தை!” என்று ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தச் சாக்கடை ஜூன் மாதத்தில் பொங்கியது நல்லதே. கோளாறு எங்கே என்று ஆறு மாதம் முன்னாலேயே தெரிந்துவிட்டது. ஒத்திகையில் வசனத்தை மறந்த நடிகன் நாடகத்தன்று சுதாரித்துக்கொள்வான். ஒத்திகைக்கே வராதவனை நினைத்துத்தான் பயப்பட வேண்டும்.

சந்தேகத்துக்கும் வரம்பு உண்டு

ஜனங்கள் பக்கத்திலும் தவறு இல்லாமல் இல்லை.

சிலர் நகரத்து வீட்டை விட்டுக் கிராமத்துக்குப் போனார்கள். சிலர் மாதக்கணக்கில் டின் உணவு அடுக்கினார்கள். இவர்களில் சிலரிடம் எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் பயன் இல்லை. சோதனை வெற்றி என்றால், “பொய் சொல்கிறார்கள்” என்றார்கள். சோதனை தோல்வி என்றால், “பார்த்தீர்களா, சொன்னோமே” என்றார்கள். இது சந்தேகம் அல்ல. பிடிவாதம்!

இவர்களை வைத்து வியாபாரம் செய்தவர்களும் உண்டு. உலர்ந்த உணவு விற்றார்கள். மின்சார ஜெனரேட்டர் விற்றார்கள். “உலகம் முடியப் போகிறது” என்று புத்தகம் விற்றார்கள். உலகம் முடியப் போகிறது என்றால் புத்தகம் விற்ற பணம் எதற்கு? இதை யாரும் கேட்கவில்லை!

சந்தேகம் இரண்டு வகை. ஆதாரம் கேட்பது ஒரு வகை. ஆதாரம் வந்தாலும் காதைப் பொத்திக்கொள்வது இன்னொரு வகை. முதல் வகை ஊரைக் காக்கும். இரண்டாவது வகை ஊரைக் கெடுக்கும்.

நடந்தது என்ன?

“ஒன்றுமே நடக்கவில்லை” என்று சொல்வது சரி அல்ல. சில்லறைக் கோளாறுகள் நடக்கத்தான் செய்தன.

அமெரிக்கக் கடற்படை வானிலையம் நாட்டுக்கே மணி சொல்லும் இடம். அதன் இணையப் பக்கத்தில் புத்தாண்டன்று “19100” என்று ஆண்டு தெரிந்தது!

நியூயார்க் மாநிலத்தில் ஒருவர் வாடகைக்கு எடுத்த சினிமா கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனார். “100 வருஷம் தாமதம்! அபராதம் 91,250 டாலர்” என்றது கடைக் கம்ப்யூட்டர். கடைக்காரர் சிரித்துவிட்டார். அபராதம் வாங்கவில்லை.

ஜப்பானில் ஷிகா அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சுத் தகவல் கருவி ஒன்று மக்கர் செய்தது. ஆபத்து எதுவும் இல்லை.

அமெரிக்க உளவு செயற்கைக்கோள்கள் சிலவற்றின் தகவலைப் படிக்கும் தரை நிலையக் கம்ப்யூட்டர் முடங்கியது. முதலில், “சில மணி நேரக் கோளாறு” என்றார்கள். பிறகு, முழுவதும் சரியாகச் சில நாள் ஆனதை ஒப்புக்கொண்டார்கள். பாருங்கள், கடைசி நேரத்திலும் அதே பழக்கம்!

இவை எல்லாம் சிரித்து மறக்கக்கூடியவை. ஒன்று மட்டும் அப்படி அல்ல.

இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்து, குழந்தைக்கு ‘டவுன் சின்ட்ரோம்’ இருக்க வாய்ப்பு அதிகமா, குறைவா என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டுச் சொல்லும். அதற்குத் தாயின் வயது தேவை. 2000-ம் ஆண்டு பிறந்ததும் அந்தக் கம்ப்யூட்டர் வயதைத் தப்பாகக் கணக்கிட்டது. 154 கர்ப்பிணிகளுக்குத் தவறான முடிவு போய்விட்டது. மே மாதம்தான் தவறு தெரிந்தது.

விளக்கு அணையவில்லை. மணி அடிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு கணக்கு ஐந்து மாதம் தப்பாக ஓடியது. தகவலை நம்பி முடிவு எடுத்த அந்தத் தாய்மார்களிடம் போய், “ஒன்றுமே நடக்கவில்லை” என்று சொல்ல முடியுமா?

பணம் வீணா?

“அமெரிக்க சர்க்கார் மட்டும் சுமார் 850 கோடி டாலர் செலவழித்ததே! நாடு முழுவதும் சுமார் 10,000 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்களே! இத்தாலி தாமதமாகத் தொடங்கியும் பிழைத்துவிட்டதே!” என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அவசரத்தில் தேவை இல்லாத செலவும் நடந்திருக்கும். ஆனால், ஒன்றை மறக்கக்கூடாது. தாமதமாகத் தொடங்கிய நாடுகளும் மற்றவர்கள் ஏற்கனவே சரி செய்து விற்ற கம்ப்யூட்டர்களையும் புரோகிராம்களையும்தான் வாங்கிப் பயன்படுத்தின. ஊரார் வெட்டிய கிணற்றில் தண்ணீர் எடுத்தவன், “கிணறு வெட்டியது வீண்” என்று சொல்லலாமா?

அந்தக் கிணற்றை வெட்டியதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. ‘கோபால்’ தெரிந்தவர்களுக்கு அப்போது ஏக கிராக்கி! கோபால் என்பது ஆள் பெயர் அல்ல. ஒரு பழைய கம்ப்யூட்டர் மொழியின் பெயர். அமெரிக்கக் கம்பெனிகளின் பழைய கணக்குகளைத் திருத்தும் வேலை இந்தியாவுக்குக் குவிந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் நம் பிள்ளைகள் இரவு பகலாக உட்கார்ந்து வரி வரியாகத் தேதிகளைத் திருத்தினார்கள்.

வேலை நடந்ததால்தான் விபத்து நடக்கவில்லை. விபத்து நடக்காததால் வேலையே தேவை இல்லை என்று தோன்றியது. கொசு மருந்து அடித்த தெருவில் நின்றுகொண்டு, “கொசுவே இல்லையே, மருந்து எதற்கு?” என்று கேட்பது போல!

அப்படித் தோன்றியதற்கும் அதிகாரிகளே ஒரு காரணம். செய்த வேலையை முதலில் இருந்தே திறந்து காட்டி இருந்தால், முடிவில் ஜனங்கள் கைதட்டி இருப்பார்கள்.

இரண்டு டாக்டர்கள்

பிள்ளைக்குக் காய்ச்சல். தாய் டாக்டரிடம் ஓடுகிறாள்.

“என்ன டாக்டர், பயம் ஒன்றும் இல்லையே?”

“ஒன்றும் இல்லை அம்மா. போங்கள், போங்கள்.”

இவர் ஒரு டாக்டர்.

“காய்ச்சல் 102 டிகிரி இருக்கிறது அம்மா. இந்த மருந்தைக் கொடுங்கள். ராத்திரிக்குள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் காலைக்குக் காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.”

இவர் இன்னொரு டாக்டர்.

முதல் டாக்டர் “பயம் இல்லை” என்றார். தாய்க்குப் பயம் போகவில்லை. இரண்டாவது டாக்டர் பயப்பட வேண்டியதையும் சொன்னார். ஆனாலும் தாய் தைரியத்தோடு வீட்டுக்குப் போகிறாள். ஏன்? என்ன நடந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதிகாரிகள் இரண்டாவது டாக்டராக இருக்க வேண்டும்.

2038 வருகிறது

இனி அடுத்த தேதி. பல கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1-ந் தேதியில் இருந்து ஒவ்வொரு விநாடியாக எண்ணிக்கொண்டே வருகின்றன. பழைய முறையில் எண்ணும் கம்ப்யூட்டருக்கு 214,74,83,647 வரைதான் எண்ணத் தெரியும். அதற்கு மேல் இடம் இல்லை.

அந்த எண் வரும் நேரம், 2038-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. நம் நாட்டு நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படும் நேரம்! அடுத்த விநாடி, திருத்தப்படாத கம்ப்யூட்டர் 1901-ம் ஆண்டு டிசம்பருக்குத் தாவிவிடும்.

புதிய கம்ப்யூட்டர்களிலும் டெலிபோன்களிலும் பெரும்பாலும் இதைச் சரி செய்துவிட்டார்கள். ஆனால், தொழிற்சாலையிலும் மின் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் சுவருக்குள்ளும் பெட்டிக்குள்ளும் பழைய கருவிகள் இருக்கும். அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

அந்த வேலையைப் பற்றி அதிகாரிகள் பேச வரும்போது, நாம் மூன்று கேள்வி கேட்போம்.

ஒன்று: எது முடிந்தது, எது முடியவில்லை? பட்டியல் எங்கே?

இரண்டு: சோதித்தது யார்? நீங்களே உங்களுக்கு மார்க் போட்டீர்களா? வேறு யாராவது போட்டார்களா?

மூன்று: ஒருவேளை தவறினால், நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் நம்புவோம். டின் உணவு அடுக்க வேண்டாம். ஊரை விட்டு ஓட வேண்டாம். பதில் வராவிட்டால், வரும் வரைக்கும் கேட்போம்.

சந்தேகப்படுவது குற்றம் அல்ல. சந்தேகத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்.

“பயப்படாதீர்கள்” என்று சொன்னால் போதாது. ஏன் பயப்பட வேண்டாம் என்று காட்டுங்கள்!